பட்டமும் பட்டயமும் : சேதுநாட்டு அரசும் கொரிய அரசும்

(உரை)



பட்டம் என்பது தொடக்கத்தில் ஒரு பொற்றகடு. போர்முனையில் வென்றவன் நெற்றியிலும், அரசிருக்கை ஏறுபவன் நெற்றியிலும் கட்டப்பெற்ற தகடு அது. 'பட்டங் கட்டுதல்' என்னும் வழக்கு இன்றும் அதனை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. பின்னர்த் தகட்டின் பெயர் அதனோடு வழங்கிய சிறப்புப் பெயருக்கும் ஆயிற்று. தகடு தேய்ந்தும் உருகியும் போகும். பெயரோ நாவில் நிற்கும், கல்லில் நிற்கும், செப்பேட்டில் நிற்கும். நிற்கும் பெயரைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதனைக் கொடுத்தவர் யார்? எம்மொழியாற் கொடுத்தார்? அப்பெயரின் நிழலில் வாழ்ந்தவர் யார், வதங்கியவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடினால், ஒரு நாட்டின் உரிமை எப்பொழுது இருந்தது, எப்பொழுது போயிற்று என்பது தானே விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு நிலங்கள் எடுத்துக்கொள்ளத் தக்கன. ஒன்று, வைகை கடலோடு கலக்கும் முகவைச் சீமை. சேதுபதிகள் ஆண்ட இராமநாதபுரமும் இராமேச்சுரக் கரையும். மற்றொன்று, கீழ்க்கடலில் நெடுந்தொலைவிலுள்ள கொரியா. இவ்விரண்டனையும் இணைப்பதற்கு உறவுக்கதை எதுவும் வேண்டுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி தொகுத்த கொரிய நூலொன்று, கடல் கடந்து 'அயுத' நாட்டிலிருந்து வந்த அரசிளங்குமரி ஒருத்தியைக் குறிக்கின்றது. அவள் தமிழ்ப்பெண்ணே எனச் சிலர் கொண்டாடுகின்றனர். 'அப்பா', 'அம்மா' போலும் ஓரிரு சொல்லொப்புமைகளையும் காட்டுகின்றனர். நிறுவப்படாத ஒன்றனைத் தூணாக நட்டு அதன்மேற் கூரை வேய்தல் தமிழுக்கு அழகன்று. உறவில்லாத இரு நாடுகளுக்கு ஒரே வகை நோய் வந்ததென்றால், அந்நோயின் இயல்பை அறிதற்கு அதுவே போதிய சான்றாகும்.

மண்ணிற் பிறந்த பெயர்கள்

கொரியாவின் தென்கிழக்கில் எழுந்த சில்லா அரசின் முதல் மன்னர் 'மன்னர்' என்று பொருள்படும் சீனச்சொல்லைத் தாங்கியவர் அல்லர். முதல்வர்க்குக் 'கோசொகன்' என்று பெயர். இரண்டாமவர்க்குச் 'சாசாவுங்', தெய்வமேறி ஆடும் பூசாரியைக் குறித்த சொல் அது என்று 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிம் தேமுன் என்னும் அறிஞர் விளக்கியதாக, 1145-இல் முடிக்கப்பெற்ற 'மூன்று அரசுகளின் வரலாறு' கூறுகின்றது. மூன்றாமவர் முதலாகப் பலர்க்கு 'இசகும்' என்று பெயர். அரசுரிமைக்கு இருவர் நின்றபொழுது, அப்பத்தைக் கடித்துப் பற்குறி எண்ணினராம். மிகுதியான பற்குறி உடையவரே மூத்தவர், மூத்தவரே ஆளத்தக்கவர் எனக் கொண்டனராம். அதன்பின் 'மரிப்கன்' என்னும் பெயர் வந்தது. அவையில் அவரவர் இருக்கையைக் காட்ட நட்ட முளையே அச்சொல்லின் வேர் என்றும், மன்னனின் முளை தலைமையானது என்றும் அதே அறிஞர் பொருளுரைத்தார். கியோங்சு நகர்க் கல்லறைகளில் தோண்டியெடுத்த புகழ்பெற்ற பொன்முடிகள் பல, இம்மரிப்கன்கள் காலத்தனவே.

பக்கத்து அரசாகிய பேக்சேயில் இன்னொரு புதுமை இருந்தது. அரசரை மேன்மக்கள் 'ஒராகா' என்றழைக்கப் பொதுமக்கள் 'கொங்கில்சி' என்றழைத்தனர் என்று சீன வரலாறொன்று குறித்து வைத்துள்ளது. அவைக்கு ஒரு பெயர், வீதிக்கு ஒரு பெயர்!

503-ஆம் ஆண்டில் சில்லாவின் சிச்சுங் மன்னர் 'மரிப்கன்' என்பதை விடுத்துச் சீன முறைப்படி 'வாங்' என்னும் பெயரை ஏற்றார். அவரை அடுத்து வந்தவர் 520-இல் அதிகாரிகளின் படிநிலைகளையும், படிக்கேற்ற உடைநிறங்களையும் சட்டமாக்கினார். அன்றுதொட்டு அரசனும் அமைச்சனும், இளவரசனும் இளவரசியும், படைத்தலைவனும் ஊர்த்தலைவனும் சீனச் சொற்களுக்குள் அடைபட்டனர். ஆயினும் மக்கள் நாவில் ஒரு சொல் மட்டும் சாகாமல் நின்றது. அரசனைக் குறிக்க 'இம்கும்' என்னும் தூய கொரியச் சொல் இன்றும் அங்கு வழங்குகின்றது. பழைய 'இசகும்' என்பதோடு அதனைத் தொடர்புறுத்துவர் அறிஞர் பலர்.

தமிழகத்தின் வரலாறும் இதற்கு வேறன்று. கோ, வேந்தன், மன்னன், குரிசில், வேள் என்பன கழகக் காலத்துப் பெயர்கள். முடியுடை மூவரே வேந்தர். குறுநிலத் தலைவர் வேளிர். படைத்தலைவனுக்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் மோதிரமும் கிடைத்தன. வணிகனுக்கு 'எட்டி' என்னும் பட்டமும் பொற்பூவும் கிடைத்தன. 'காவிதி' என்பது மற்றொரு பட்டம். அரசனாற் பெறும் இச்சிறப்பினை 'மாராயம்' எனத் தொல்காப்பியம் குறிக்கும். சோழப் பேரரசு வளர்ந்த காலத்தும் 'பெருந்தரம்', 'சிறுதரம்' என அலுவலர் தரம் பிரிக்கப்பெற்றனர். 'மூவேந்த வேளான்', 'பேரரையன்' எனத் தமிழ்ப்பட்டங்கள் கல்வெட்டெங்கும் காணப்பெறும். ஆடல்மகளிர்க்குத் 'தலைக்கோலி' என்னும் பட்டமும் இருந்தது.

ஆனால் மன்னனின் பெயர் மட்டும் மெல்ல மாறிற்று. 'கோ' என்னும் ஓரெழுத்துச் சொல் முன்னே நிற்க, 'இராசகேசரி', 'பரகேசரி' என்பன பின்னே ஒட்டின. முதற் குலோத்துங்கன் காலந்தொட்டுத் 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்பது பெருவழக்காயிற்று. வேந்தன் வடமொழிக்குப் போனான்; வேளான் தமிழில் நின்றான். சில்லாவிற் சீனம் செய்ததை இங்கு வடமொழி செய்தது. கொடி வேறு, காற்று ஒன்றே.

சேதுகாவலர்

இனி முகவைக்கு வருவோர் காண்பது யாது? 1605-ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருட்டிணப்பர், மறவர் குடித்தலைவர் சடைக்கத் தேவரைச் சேதுநாட்டிற்கு ஆட்சித்தலைவராக நிறுவினார். இராமேச்சுரம் செல்லும் வழிப்போக்கர்க்குக் காவல் வேண்டும் என்பதே அதற்கு வெளிப்படையான கரணியம். போகலூர் அவர்க்குத் தலைநகர். 'உடையான் சேதுபதி' என்பது பட்டம். 'உடையான்' என்பது தமிழ். உடைமையும் ஆளுமையும் ஒருங்கே உணர்த்தும் சொல். 'சேதுபதி' என்பதைத் தமிழில் விரித்தால் 'அணைகாவலன்' எனப் பொருள்படும். மக்கள் வழக்கில் 'சேதுகாவலன்' என்பதும் உண்டு.

இப்பெயர் முகவைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பாக்கு நீரிணையின் அக்கரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் 'சேதுகாவலன்' எனச் சிறப்பிக்கப்பெற்றனர். அவர்கள் அடித்த காசுகளில் நந்தியின் உருவும், 'சேது' என்னும் தமிழெழுத்தும் காணப்பெறும். அரியணை ஏறியவர் 'செகராசசேகரன்', 'பரராசசேகரன்' என்னும் இரு பெயர்களை மாறிமாறிப் பூண்டனர். 1619-இல் போர்த்துகீசியர் யாழ்ப்பாண அரசை முடித்துவைத்தனர். அதன்பின் அணையின் பெயர் தாங்கிய அரசு இக்கரையில் மட்டுமே எஞ்சிற்று. ஒரு கடற்கரைக்குக் காவலன் என்பதே இரு கரையார்க்கும் உயர்ந்த பட்டமாக இருந்தது என்பது கருதத்தக்கது. மலையை வென்றவன், திசைகளை வென்றவன் என்பதினும், வருவோர் போவோரைக் காப்பவன் என்பதில் ஒரு பொறுப்பு இருக்கின்றது.

சேதுபதிகளின் செப்பேடுகளை எடுத்துப் பார்ப்போர்க்குப் பட்டங்களின் நீண்ட நிரல் கிடைக்கும். தேவை நகருக்குத் தலைவன், செம்பிவளநாடன், தாலிக்கு வேலி, பட்டமானங் காத்தான் எனத் தொடர்ந்து, சேதுபதி காத்த தேவர் என்று முடியும். இராமேச்சுரத்தையே 'தேவை' என்றனர். இவை மண்ணிலிருந்து முளைத்தவை. ஆனால் அதே நிரலில், அரிய(ரி)ராயரின் படையை அழித்தவன், சொன்ன சொல் தப்பும் அரசர்க்குக் கண்டன், மூன்று அரசர்க்குக் கண்டன் என்னும் பொருளுடைய பட்டங்களும் வருகின்றன. இவை விசயநகரத்து அரிகரர், புக்கர் காலத்தில் துங்கபத்திரைக் கரையில் எழுந்த விருதுகள். நாயக்கர் வழியாகத் தெற்கே இறங்கி, இறுதியில் சேதுக்கரையில் ஏறின. எழுதிய செப்பேட்டுப் புலவனுக்கு அவை வரலாறு அல்ல, அணி. பேரரசு மறைந்த பின்னும் அதன் பட்டங்கள் சிற்றரசர் தோள்களில் பழைய மேலாடைபோல் தொங்கின.

இதற்கு மாறாகச் செயலாற் பெற்ற பட்டமும் உண்டு. 1650-களின் நடுப்பகுதியில் மைசூர்ப்படை மதுரைமேல் வந்தது. பிடிபட்டோரின் மூக்கை அறுத்தமையால் 'மூக்கறு போர்' என்று பெயர்பெற்ற போர் அது. திருமலை நாயக்கர் நோயுற்றிருந்த அந்நாளில் இரகுநாத சேதுபதி மறவர் படையுடன் சென்று காத்தார். மதுரையரசியின் வேண்டுகோளைக் காத்தமையால் 'இராணி சொல் காத்தார்' என்னும் பெயர் பெற்றார். மன்னர் தம் பெயரையே ஈந்தமையால் 'திருமலை சேதுபதி' ஆனார். திறைப்பணம் விலக்கப்பெற்றது. மதுரையிற்போலத் தம் நகரிலும் ஒன்பான் இரவு விழாவை அரச விழாவாக எடுக்கும் உரிமையும் கிடைத்தது. பட்டம் வெறும் ஒலியன்று. அதனோடு நிலமும் வரியும் விழாவும் பிணைந்திருந்தன என்பதற்கு இஃதொரு தெளிவான சான்று.

தன் பெயரைப் பிறர்க்குக் கொடுத்தல் சேதுபதிகளும் பின்பற்றிய முறையே. புதுக்கோட்டையில் நிறுவப்பெற்ற தொண்டைமான் 'இரகுநாதராயத் தொண்டைமான்' ஆனார். கீழக்கரைப் பெருவணிகரும் முசுலிம் பெருமகனாருமான பெரியதம்பி மரைக்காயர்க்கு 'விசய இரகுநாத' என்னும் அரசப்பெயர் முன்னொட்டாக வழங்கப்பெற்றது. இவரே மக்கள் 'வள்ளல் சீதக்காதி' எனப் போற்றும் பெரியார். சமயத்தின் எல்லையைத் தாண்டி ஒரு பெயர் சென்றது. கொரியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 918-இல் கோரியோ அரசை நிறுவிய வாங் கோன், தம்மோடிணைந்த ஊர்த்தலைவர்க்கு 'வாங்' என்னும் தம் குடிப்பெயரையே ஈந்து உறவாக்கிக்கொண்டார். பகைவனை வாளால் வெல்லலாம். தோழனைப் பெயரால்தான் கட்டலாம் என்பதை இரு நாட்டு மன்னரும் அறிந்திருந்தனர்.

மக்கள் இட்ட பெயர்

சேதுபதிகளுள் பெருவலிமை பெற்றவர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டு 1710-இல் மறைந்த இரகுநாத சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டை எடுத்தவர் அவர். 1702-இல் மதுரைப்படையை முறியடித்து நாயக்கர் மேலாட்சியை உதறியவரும் அவரே. செப்பேட்டில் அவர்க்கு எத்தனையோ விருதுகள். ஆயினும் நாடு அவரை அழைத்தது 'கிழவன் சேதுபதி' என்று! வரலாற்று நூல்களும் அப்பெயராலேயே அவரைக் குறிக்கின்றன.

நெடுநாள் வாழ்ந்தமையால் வந்த பெயர் என்பது பொதுக்கருத்து. ஆயின் 'கிழவன்' என்னும் சொல்லின் பழம்பொருளை எண்ணுதல் வேண்டும். கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன், தலைவன். தொல்காப்பியம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே வழங்கும். முதுமையும் உரிமையும் ஒரே சொல்லில் ஒன்றின. பற்குறி எண்ணி மூத்தவனை 'இசகும்' ஆக்கிய சில்லா மக்களின் நினைப்பும், ஆள்பவனைக் 'கிழவன்' என்றழைத்த முகவை மக்களின் நாவும் ஒரு பொருளையே சுட்டின. வடமொழி விருதுகள் அத்தனையும் செப்பேட்டில் உறங்க, இந்த ஒரு தமிழ்ச்சொல் மட்டும் விழித்திருந்தது.

அரசகுல மகளிர்க்கு வழங்கிய 'நாச்சியார்' என்னும் பட்டமும் அத்தகையதே. செல்லமுத்து சேதுபதியின் மகளாராய்ப் பிறந்து, சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை மணந்து, கணவர் 1772-இல் காளையார்கோவிலில் வீழ்ந்தபின் 1780-இல் நாட்டை மீட்டவர் வேலு நாச்சியார். பெயரிலும் தமிழ், செயலிலும் தமிழ்.

தாழ்த்துவதற்கும் பட்டமே கருவி

உயர்த்தப் பயன்படும் ஏணியே இறக்கவும் பயன்படும். கோரியோ அரசு மங்கோலியர்க்குப் பணிந்தபொழுது முதலிற் பறிபோனது நிலமன்று, சொல். அரசர் தம்மைக் குறிக்கும் பேரரசர்க்குரிய தன்மைச்சொல் விலக்கப்பெற்றது. அவரை விளிக்கும் 'பியேகா' என்னும் மேன்மைச்சொல் நீக்கப்பெற்றுச் 'சொன்கா' என்னும் ஒருபடி தாழ்ந்த சொல் இடப்பெற்றது. பட்டத்து இளவரசன் 'தேசா' என்பதிலிருந்து 'சேசா' ஆனான். 1274-இல் அரியணையேறிய சுங்நியோல் முதலாகச் சில மன்னரின் பெயருக்கு முன் 'சுங்' என்னும் எழுத்து வந்தது. அதற்கு 'மேலவனுக்கு உண்மையாயிருத்தல்' என்று பொருள். இறந்தபின் பெறும் பெயரிலும் அடிமைக்குறி! 1350-களில் கொங்மின் மன்னர் மங்கோலியத் தளையை அறுக்கப் புறப்பட்டபொழுது, அவர்தம் வழக்கங்களை ஒழிப்பதும் அம்முயற்சியின் ஒரு கூறாக இருந்தது.

சோசன் அரசிலும் இதன் மற்றொரு வடிவைக் காணலாம். அரசியின் மகன் 'தேகுன்'. துணைவியின் மகன் 'குன்'. 1506-இலும் 1623-இலும் இரு மன்னர் அரியணையினின்று இறக்கப்பெற்றனர். அவர்கள் ஆண்ட ஆண்டுகளை அழிக்க இயலவில்லை. ஆகவே பெயரை அழித்தனர். இன்றளவும் வரலாற்றில் அவர்கள் யோன்சன்குன், குவாங்கேகுன் என இளவரசர் தரத்திலேயே நிற்கின்றனர்.

முகவையில் நடந்தது என்ன? 1772-இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலப் படையும் இராமநாதபுரக் கோட்டையைக் கைப்பற்றின. சிறுவர் முத்துராமலிங்க சேதுபதி தாயோடு திருச்சிராப்பள்ளியிற் சிறைவைக்கப்பெற்றார். பின்னர் மீண்டும் அரியணை ஏறினார். 1795-இல் ஆங்கிலக் குழும்பினர் அவரைப் பதவிநீக்கிச் சிறைப்படுத்தினர். 1809-இற் சிறையிலேயே மறைந்தார். இடையில் 1803-இல் அவர் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியார்க்கு நிலையான வரித்திட்டத்தின்கீழ் ஒரு பட்டயம் தரப்பெற்றது. அப்பட்டயத்தில் அவர்க்கு இட்ட பெயர் 'இசுதிமிரார் சமீன்தாரினி'.

இப்பெயரைச் சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். கொடுத்தவன் ஆங்கிலேயன். கொடுத்த சொற்கள் அரபும் பாரசீகமும். பெற்றவர் தமிழ்நாட்டு நாச்சியார். ஆளப்பட்ட உழவனுக்கோ அச்சொற்களுள் ஒன்றும் விளங்காது. 'நிலம் வைத்திருப்பவர், நிலையாக' என்பதே அதன் பொருள். 'சேதுகாவலன்' என்னும் பெயரிற் காவல் இருந்தது. 'உடையான்' என்னும் பெயரில் ஆட்சி இருந்தது. 'சமீன்தார்' என்னும் பெயரில் வரி ஒன்றே இருந்தது. படை போயிற்று, முறைசெய்யும் உரிமை போயிற்று, போரும் அமைதியும் செய்யும் உரிமை போயிற்று. எஞ்சியது குறித்த நாளிற் பணங் கட்டும் கடமை. இராமலிங்க விலாசத்தின் சுவரில், தேவியின் கையினின்று செங்கோல் பெறும் சேதுபதியின் ஓவியம் மட்டும் மங்காமல் நின்றது. சுவரில் தெய்வம் கோல் கொடுத்தது. சுவருக்கு வெளியே ஆங்கிலத் தண்டல்நாயகம் தவணை கேட்டது.

1876-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் தன் அரசிக்கே புதுப்பட்டம் ஒன்றைச் சட்டத்தால் அமைத்தது. 1877 சனவரி முதல்நாள் தில்லியில் அது முழங்கப்பெற்றது. 'கைசரே இந்து' என்பதே அதன் இந்திய வடிவம். உரோமானியன் சீசரின் பெயர் பாரசீக உடையில் வந்தது! அதன் நிழலில் இராவ் சாகிப்புகளும் திவான் பகதூர்களும் பெருகினர்.

கொரியாவில் இவ்வீழ்ச்சி இன்னும் விரைவாக நிகழ்ந்தது. 1897-இல் கோசோங் மன்னர் தம்மைப் பேரரசர் என அறிவித்துச் சீனத்திற்கும் சப்பானுக்கும் தாம் ஒப்பென நின்றார். 1910-இல் சப்பான் அந்நாட்டை விழுங்கியது. பேரரசர் சுன்சோங், 'யீ குடி அரசர்' என்னும் பெயரோடு சப்பானிய அரசகுலத்தின் கீழ்ப்படியில் அமர்த்தப்பெற்றார். நாடில்லாத அரசர், குடிப்பெயர் மட்டும் ஆட்சியெல்லை! அத்தோடு நிற்கவில்லை. 1940-இல் மக்களின் குடிப்பெயர்களையே சப்பானிய முறைக்கு மாற்றும் ஆணை நடைமுறைக்கு வந்தது. 1942-இல் கொரிய மொழிக்கழகத்தார், அகரமுதலி தொகுத்தமைக்காகவே சிறையிலிடப்பெற்றனர். மன்னனின் பெயரைத் தொட்ட கை, முப்பதாண்டில் குடிமகனின் பெயரைத் தொட்டது. பட்டம் என்பது அரண்மனைச் செய்தி, குடிசைக்கு அதனால் என்ன என்போர் இதனை நெஞ்சில் நிறுத்துக.

நிழலில் வதங்கியவர்

இனி மூன்றாம் வினா. பட்டத்தைத் தூய தமிழில் இட்டுவிட்டால் எல்லாம் இனிதாகிவிடுமா? இல்லை. உண்மையை மறைத்துப் பேசுவது மொழிப்பற்று ஆகாது.

சில்லாவில் 'எலும்புத் தரம்' என்றொரு முறை இருந்தது. பிறப்பால் எத்தரத்து எலும்போ அத்தரத்து வாழ்வு. 834-இல் கிளம்பிய ஆணை ஒன்று, இன்ன தரத்தார் இன்ன துணி உடுக்கலாம், வீட்டின் அறை இன்ன அளவைத் தாண்டலாகாது என வகுத்தது. பட்டங்களின் ஏணி அங்கே மனிதரின் முதுகில் சாத்தப்பெற்றது. 1894-இல்தான் கொரியாவிற் பிறப்புத்தரமும் அடிமைமுறையும் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றன.

தமிழகத்திலும் செருப்பணியவும், வீட்டிற்குச் சாந்து பூசவும், நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும் கொங்கு நாட்டுக் கம்மாளர் அரசனிடம் ஆணை பெறவேண்டியிருந்தது. கல்வெட்டு அதற்குச் சான்று. சேதுநாட்டிலேயே, 'சேர்வைகாரர்' என்பதும் 'அம்பலகாரர்' என்பதும் பொறுப்பின் பெயர்களாகவே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் தளவாய் வெள்ளையன் சேர்வைகாரர் படைநடத்தும் திறத்தால் அப்பெயரை விளங்கச் செய்தவர். பின்னர் அப்பொறுப்புகள் போயின. பெயர்கள் பிறப்போடு ஒட்டிக்கொண்டன. உழைத்துப் பெற்ற பட்டம் உட்கார்ந்து பெறும் சாதியாயிற்று.

அதன் கொடுமையை இம்மண்ணே கண்டது. கமுதிக் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்தமைக்காகத் தொடுக்கப்பெற்ற வழக்கில் அரண்மனையே வழக்காளியாக நின்றது. 1908-இல் இலண்டன் உயர்மன்றம் வரை சென்று, நுழைவுத் தடை உறுதிசெய்யப்பெற்றது. 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் எழப் பாண்டித்துரைத் தேவர்க்குத் துணைநின்ற அதே பாற்கர சேதுபதியின் காலத்தில் தொடங்கிய வழக்கு அது. தமிழுக்கு விரிந்த கை, தமிழனுக்குக் கதவை அடைத்தது. 1939-இற் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை அந்நிலை நீடித்தது.

1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே, மேலாட்சி செலுத்திய சாதியார் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். பொன்னணி பூணக்கூடாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழ் உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்டிர் மேலாடை அணியக்கூடாது, பூச்சூடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது, மட்கலத்தைத் தவிர வேறு கலம் புழங்கக்கூடாது எனும் வகையின அத்தடைகள். சில்லாவின் 834-க்கும் முகவையின் 1930-க்கும் இடையில் ஆயிரத்து நூறாண்டு. துணியை அளந்த கோல் மட்டும் ஒன்றே.

ஆகவே தமிழ்ப்பட்டம் என்பதற்காக மட்டும் ஒரு பட்டம் போற்றத்தக்கதாகிவிடாது. அயல்மொழிப் பட்டம் நாட்டைத் தாழ்த்துவது போலவே, சாதிப்பட்டம் மக்களைத் தாழ்த்தும். முன்னதை எறிந்துவிட்டுப் பின்னதைக் கட்டிக்கொள்வோர், ஒரு விலங்கைக் கழற்றி மறு விலங்கை மாட்டிக்கொள்வோரே.

மக்கள் ஆட்சியின் பெயர்கள்

1948-ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் முகவைச் சமீன் முடிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, கல்வியும் படையும் தவிர்ந்த பட்டங்களை அரசு வழங்குதல் கூடாதென விலக்கிற்று. அதே 1948-இல் கொரியக் குடியரசின் அரசியலமைப்பும் பிறப்புச் சிறப்பை நீக்கியது. அரியணை வழியில் வந்த சண்முக இராசேசுவர சேதுபதி, வாக்குப்பெற்று இராமநாதபுரத்தின் சட்டமன்ற உறுப்பினராகி, 1954-இல் காமராசர் அமைச்சரவையில் அமைச்சராக அமர்ந்தார். வாள் தந்ததும், நாயக்கர் தந்ததும், குழும்பு தந்ததும் போக, அக்குடிக்கு மக்கள் தந்த முதற்பெயர் அது.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கலெக்டர் 'மாவட்ட ஆட்சியர்' ஆனார். தாசில்தார் 'வட்டாட்சியர்' ஆனார். 1967-இற் பொறுப்பேற்ற அண்ணாவின் ஆட்சியில் 'சிரீ' போய்த் 'திரு' வந்தது. 1980-இல் வழிவழி ஊரதிகாரிகளான கருணம், முன்சீபு முறை ஒழிக்கப்பெற்றது. தேர்வெழுதி வருபவரே ஊர்நிருவாக அலுவலர் ஆயினர். இக்கடைசி மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சொல் மட்டும் மாறவில்லை. சொல்லுக்குள் இருந்த பிறப்புரிமையும் வெளியேறிற்று.

கொரியாவிலும் இதே போக்கு உண்டு. குடியரசுத் தலைவரைக் 'காக்கா' என்னும் சீனவழி மேன்மைச்சொல்லால் விளிப்பது நெடுநாள் வழக்கு. 1998-இற் பொறுப்பேற்ற கிம் தே சுங் ஆட்சியில் அது நீங்கி, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வழங்கும் 'நிம்' என்னும் எளிய கொரிய மதிப்புச்சொல்லே தலைவர்க்கும் வழங்கலாயிற்று. நாட்டின் தலைவனுக்கும் பள்ளி ஆசிரியனுக்கும் ஒரே மதிப்புச்சொல்! 'திரு' என்பதும் அத்தகையதே. அமைச்சர்க்கும் அது, பாம்பனில் வலை உலர்த்தும் மீனவர்க்கும் அது, தங்கச்சிமடத்துக் கருவாட்டுத் தாய்க்கும் 'திருமதி' அது.

ஆயினும் வேலை முடிந்ததென்று எண்ணற்க. திருமண அழைப்பிதழ்களை எடுத்துப் பார்க்க. பெயர்க்கு முன் அயல்மொழி விருது, பெயர்க்குப் பின் சாதி வால். ஊர்முகப்புத் தட்டிகளைப் பார்க்க. கட்சித் தலைவர்க்குச் செப்பேட்டு மன்னரினும் நீண்ட விருதுநிரல். விசயநகரம் மறைந்த பின்னும் அதன் விருதைச் சுமந்த தோள்கள்போல, அரசர் மறைந்த பின்னும் அரச விருதைச் சுமக்கும் நாவுகள் இன்னும் இருக்கின்றன.

தமிழிளைஞர் இரண்டு செய்யலாம். தம் பெயரின் முன்னுள்ள அயற்சொல்லையும், பின்னுள்ள சாதிச்சொல்லையும் ஒருங்கே களைக. தம் ஊரிலுள்ள கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் படித்து, அதில் எப்பட்டம் மண்ணிற் பிறந்தது, எது மேலிருந்து விழுந்தது, எது பொறுப்பாக இருந்து சாதியாயிற்று எனப் பிரித்தறிக. அவ்வறிவு உள்ளவனை எந்தப் பட்டயமும் ஏமாற்றாது.

செப்பேட்டுப் புலவன் எழுதியது நூறு விருது. மக்கள் வைத்துக்கொண்டது கிழவன், நாச்சியார், வள்ளல் என்னும் மூன்று சொல். மூன்றும் மக்கள் நாவில் வாழ்ந்தமையாலேயே நிலைத்தவை.